பேர் சொல்லாமல் சுற்றிய கார்டு

அக்கா,

சாப்பாட்டு மேசையில், பாப்பாவின் பால் புட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் கார்டு கிடக்கிறது. அச்சு கோணலாகிக் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி அட்டையை வெட்டிச் செய்தது. வெளியே பச்சை மலை, உள்ளே வெறும் வெள்ளை. பிரித்தால் தேயிலைத் தூள் வாசம் இன்னும் வருகிறது. காய்ந்த, மூக்கை லேசாக அரிக்கிற வாசம். பேக்கிங் செக்‌ஷனில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றால் உங்கள் முடியிலும் இதே வாசம்தான் இருக்கும்.

கார்டு உங்களுக்குத்தான். முன்னால் உங்கள் பேர் எழுதியிருக்கிறது. உள்ளே எங்கள் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது.

நீங்கள் போன கையோடு நான் உங்களுக்கு ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுசாகப் பெய்து ஓய்ந்துவிட்டது. எழுதாததற்கு நிறையக் காரணம் வைத்திருந்தேன். பாதிக் காரணம் பாப்பா பேரில். பல் முளைக்கிறது, சளி பிடித்திருக்கிறது, பிள்ளை பார்க்கிற அக்கா ரிங்லெட் டவுனுக்குப் போய்விட்டார். இன்றைக்கு எழுதுவதற்கு ஒரே காரணம்தான். வெட்கம் தாங்கவில்லை அக்கா. இதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தால் உங்கள் முகம்தான் முதலில் வருகிறது, அதிலும் வெட்கமாக இருக்கிறது.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியாகச் சேர்ந்த புதிதில் கார்டு என்பது உங்கள் ராஜ்யம். நீங்கள் பேக்கிங் மண்டோர். மெஷினையும் ஆட்களையும் மேய்க்கிற வேலைக்கு நடுவில், யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கழித்த அட்டையில் பெரிதாக ஒன்றை வெட்டி, முன்னால் பேரை எழுதி, பழைய டிஸ்பேட்ச் ஃபைலுக்குள் வைத்து பேக்டரி, ஸ்டோர், ஆபீஸ் என்று நீங்களே சுற்றி வருவீர்கள். பிறந்தநாள்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பேர் இருக்கிற பக்கத்தை ஃபைலோடு சேர்த்து கிளிப் போட்டிருப்பீர்கள். எழுதுகிறவருக்கு வெள்ளைப் பக்கம் மட்டும்தான் தெரியும். அதனால் யாருக்கு என்பதை நீங்கள் காதில் சொல்ல வேண்டும். பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? கூடவே அவரைப் பற்றி ஒரு சேதியும் சொல்வீர்கள்.

என் கைக்கு எழுத வந்த முதல் கார்டு மணியம் அண்ணனுக்கு, நம் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு. உங்களை எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "மணியத்துக்கு. நேத்து போர்க்லிஃப்ட் சீட்டுக்கு அடியில எலி குட்டி போட்டிருக்குன்னு நாள் முழுக்க வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டான். எழுது" என்றீர்கள். நான் இங்கிலீஷில் ஹேப்பி பர்த்டே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு அப்படியே என் முன்னால் திருப்பி வைத்தீர்கள்.

"ஏன் லேடி கிராணி, இது என்ன கரண்ட் பில்லா? கட்டிட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கிற?"

ஆபீசே சிரித்தது. காலேஜ் முடித்து வந்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம் அப்போது. முகம் சுட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நகரவில்லை. அந்த எலிக்குட்டிகளை மணியம் அண்ணன் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்டேன். சிகரெட் பெட்டியில் பஞ்சு வைத்து வேலியோரம் கொண்டுபோய் விட்டார் என்றீர்கள். அதை வைத்து ஒரு வரி எழுதினேன். "இது கார்டு" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடிக்கொண்டு போனீர்கள்.

உங்களைப் புகழ்ந்து எழுத உட்காரவில்லை. கேக் வெட்டினால் கிரீம் பூ இருக்கிற துண்டு உங்களுக்குத்தான், வேறு யாராவது எடுத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டீர்கள். பாட்டுப் பாடினால் காது வலிக்கும். பங்களாதேஷ் ஆட்களை அவர்கள் எழுத்திலேயே எழுதச் சொல்லி, ஒன்றும் புரியாமலே தலையை ஆட்டி, "நல்லா எழுதியிருக்கான் லா" என்று பாராட்டுவீர்கள். ஊர் வம்பு மொத்தமும் அந்த ஃபைலோடு சேர்ந்து சுற்றும். உங்கள் பிறந்தநாள் வந்தால் மட்டும் லீவு எடுத்துவிடுவீர்கள். எல்லாரையும் நடுவில் நிறுத்திப் பாட வைக்கிற உங்களுக்கு நடுவில் நிற்க வெட்கம். அன்றைக்கு உங்கள் கார்டை லோரி ஓட்டுகிற உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பவேண்டும். கார்டு அட்டைகள் வைக்கிற அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற பிறந்தநாள் தாளில் உங்கள் பேருக்கு நேரே நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள்: "கார்டை லோரி அண்ணனிடம் கொடுக்கவும். கேக்கை நீங்களே வெட்டிக்கவும். கிரீம் பூ இருந்தால் எடுத்து வைக்கவும்."

இன்னொன்று இருக்கிறது. அது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது. நீங்கள்கூட அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பாப்பா பிறந்து லீவு முடிந்து திரும்பி வந்த வாரம். என் பிறந்தநாளும் அந்த வாரமே வந்து தொலைத்தது. சாயங்காலத் தேநீர் நேரத்தில் பேக்கிங் ஹாலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மேனேஜர் துரைகூட வந்திருந்தார். நான் வெளிர் நீல பாஜு கூரோங் சட்டை போட்டிருந்தேன். நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். அந்த நேரம் பார்த்து மேலே, டூரிஸ்ட்டுகள் நின்று பேக்டரியைப் பார்க்கிற கண்ணாடி மாடத்திலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யார் வீட்டுக் குழந்தையோ. என் உடம்புக்கு அது தெரியவில்லை. நெஞ்சு இறுகி, பால் சூடாக இறங்கியது. குனிந்து பார்க்கிறேன், இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. கத்தி ஒரு கையில், இன்னொரு கையில் துரை கொடுத்த பூங்கொத்து. எதிரே ஆண்கள் பார்த்தார்கள், பார்த்ததும் கூரையைப் பார்த்தார்கள். துரை தன் வாட்சைப் பார்த்தார். செத்துப் போய்விடலாம் போல இருந்தது.

பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்கள். "கேக்கு எங்க ஓடிப்போகுது? மொதல்ல கார்டு" என்று சொல்லி, அந்தப் பெரிய கார்டை விரித்து என் நெஞ்சோடு சேர்த்துவைத்து, என் கையிலிருந்த பூவையும் கத்தியையும் பிடுங்கிக்கொண்டு, "இறுக்கிப் பிடி" என்றீர்கள் மெதுவாக. பிறகு சத்தமாக, "எழுதினவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து எழுதினத வாசிக்கணும். இன்னிக்கு இதான் சட்டம்" என்றீர்கள். அப்படி ஒரு சட்டம் அதற்கு முன்னால் கிடையாது. ஒவ்வொருவராக வந்து என் எதிரே நின்று, நான் பிடித்திருந்த அட்டையில் தங்கள் வரியைத் தேடி வாசித்தார்கள். மணியம் அண்ணன் தன் எழுத்தே தனக்குப் புரியாமல் திணறினார். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்கள். கடைசி ஆள் வாசித்ததும், கார்டை எடுக்கவே விடாமல், அப்படியே தோளைப் பிடித்து ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு போய் உங்கள் ஜாக்கெட்டைக் கொடுத்தீர்கள்.

நான் அழுதேன். "எதுக்குடி அழுவுற? புள்ளைக்குப் பால் இல்லன்னு அழுவுறவங்கள பாத்திருக்கேன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

மறுநாள் அட்டைப்பெட்டி ஸ்டோரின் மூலையில் ஒரு பழைய போர்வை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. கதவில் உங்கள் கையெழுத்தில், "ஸ்டாக் செக்கிங் நடக்கிறது. உள்ளே வரக்கூடாது." பாப்பா பால் மறக்கிறவரை நான் அங்கே உட்கார்ந்துதான் பால் எடுத்து வைத்தேன். இப்படி தினமும் ரெண்டு வேளை ஸ்டாக் எண்ணுகிற ஸ்டோரை வேறு எந்த எஸ்டேட்டிலும் பார்த்ததில்லை என்று பெரிய கிராணி துரையிடம் பெருமையாகச் சொன்னாராம். அந்தப் போர்வை இல்லாவிட்டால் நான் வேலையை விட்டிருப்பேன். வீட்டிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் எனக்குச் செய்த உங்களுக்கு நான் என்ன செய்தேன் என்று இனிமேல் சொல்ல வேண்டும்.

நீங்கள் தலைசுற்றல் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஈப்போவுக்குப் போய், திரும்பி வராமலே போன பிறகு கார்டு அலமாரியை யாரும் திறக்கவில்லை. சாவி என் டிராயரில்தான் இருந்தது. பிறந்தநாள்கள் வந்தன, போயின. வாட்ஸ்அப்பில் ஒரு கேக் படம் போட்டால் முடிந்தது. இந்த வருஷம் துர்கா என்று ஒரு புதுப்பெண் பேக்கிங் கணக்குக்கு வந்தாள். ஊர் கம்போங் ராஜா பக்கம். ரொம்பக் கூச்சம், நிமிர்ந்து பேச மாட்டாள். அவளிடம் சாவியைக் கொடுத்து, "பர்த்டே கார்டெல்லாம் இனி நீ பாத்துக்கமா, கதவுல லிஸ்ட் இருக்கு" என்று சொன்னது நான்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுக்கவில்லை. காதில் பேர் சொல்ல வேண்டும் என்று சொல்லவே இல்லை. அந்தத் தாளில் உங்கள் பேர் இருப்பதும் என் ஞாபகத்தில் இல்லை.

பாவம், அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். நீங்கள் வெட்டி அடுக்கி வைத்திருந்த வெற்று அட்டைகளில் ஒன்றை எடுத்து அழகாகப் பேர் எழுதி, ஃபைலில் கிளிப் போட்டு, ஒவ்வொரு மேசையிலும் வைத்துவிட்டு ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்துவிடுவாள். எழுதி முடித்ததும் வந்து எடுத்துப்போவாள். யாருக்கு என்று நாங்கள் கேட்க மாட்டோம். தெரிந்த மாதிரி எழுதுவோம்.

வியாழக்கிழமை ஃபைல் என் மேசைக்கு வந்தபோது பிள்ளை பார்க்கிற அக்கா போனில் இருந்தார். பாப்பா வாந்தி எடுத்துவிட்டது, உடம்பு சுடுகிறது. ஒரு கையில் போன், இன்னொரு கையில் பேனா. இந்த மாதம் மணியம் அண்ணனுக்குத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். கிளிப்பை எடுத்துத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? எழுதினேன். "இனிப்பைக் குறைத்து, நூறு வயது வரை நன்றாக இருங்கள்." கீழே என் பேர். ஃபைலை மூடிவிட்டு பாப்பாவைப் பார்க்க ஓடினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேக் வந்தது. கூடினோம். பெரிய கிராணி ஸ்டோர் சரவணனிடம் கை கொடுத்தார். "எனக்கு அடுத்த மாசம்ங்க" என்றான் அவன். நான் மணியம் அண்ணனைப் பார்த்தேன், அவர் பெரிய கிராணியைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் பிறந்தநாள்காரர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது முதலில்.

"யாருக்கும்மா?" என்று பெரிய கிராணி துர்காவைக் கேட்டார்.

அவள் உங்கள் பேரைச் சொன்னாள். "இன்னிக்கு லீவு போல சார். லிஸ்ட்ல எழுதியிருந்துச்சு, அதனால காலையிலயே லோரி அண்ணன்கிட்ட கார்ட குடுத்துட்டேன்." பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். "அந்த அக்கா எந்த செக்‌ஷன் க்கா?"

கிரீம் பூ ஒன்று தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தாள் அக்கா. நீங்கள் எழுதி வைத்தபடி.

நீங்கள் இப்போது இல்லை என்று நான்தான் சொன்னேன். சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை எழுத முடியாது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும், தெரிந்தும் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தோம். நான் எழுதியது மட்டும் என் கண் முன்னால் நின்றது. நூறு வயது வரை. மற்றவர்களுக்கும் அவரவர் வரி நின்றிருக்கும். லோரி அதற்குள் மலை இறங்கி தாப்பா தாண்டியிருக்கும். அண்ணன் கிள்ளானுக்குச் சரக்கு ஏற்றிப் போனால் சனிக்கிழமைதான் வருவார். வழியில் எங்கேயாவது வண்டியை நிறுத்திப் பிரித்துப் பார்த்திருப்பாரோ?

பெரிய கிராணிதான் வழி சொன்னார். "நெனவுக்காகப் போட்டோம்னு சொல்லிடலாம். அவரும் சந்தோசப்படுவாரு. நீ படிச்ச பொண்ணு, பக்குவமா எடுத்துச் சொல்லு." எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டும்போது மனசு லேசானது, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் காலணிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து உள்ளே கூட்டிப்போனார். உங்கள் படத்துக்கு முன்னால் கார்டு, பிரிக்காமல் மூடியபடியே, ஒரு ஊதுபத்தியோடு இருந்தது.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட அவர் இடமே கொடுக்கவில்லை. "மறக்காம இந்த வருசமும் போட்டிருக்கீங்க பாரு. எனக்கு கையெழுத்து படிக்க வராதும்மா. ஒவ்வொரு வருசமும் அவதான் படிச்சுக் காட்டுவா. மகளும் பினாங்குல இருக்கா. அதான் யாராவது வரட்டும்னு அப்படியே வச்சிருக்கேன். நீ படி" என்று சொல்லி, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரித்தேன். மேலே பெரிய கிராணி எழுதியிருந்தார்: "இந்த வருஷமாவது கல்யாணச் சாப்பாடு போடு." ஸ்டோர் சரவணனுக்கு என்று நினைத்திருக்கிறார். அதற்குக் கீழே மணியம் அண்ணன்: "ரிட்டாயர் ஆனாலும் எங்களை மறந்துடாதீங்க." இது பெரிய கிராணிக்கு. சரவணன் ஒரு சிரிக்கிற முகம் மட்டும் போட்டிருந்தான்.

நான் வேறு மாதிரி படித்தேன் அக்கா. எழுதியிருந்ததை விட்டுவிட்டு, வாய்க்கு வந்ததைப் படித்தேன். "உங்கள் அன்பை என்றும் மறக்க மாட்டோம். பெரிய கிராணி." "நீங்கள் எங்கள் இதயத்தில் வாழ்கிறீர்கள். மணியம்." சரளமாக வந்தது. நான் மேடையில் பேசிப் பரிசெல்லாம் வாங்கியவள். பாப்பா அட்டையைப் பிடித்து இழுத்தாள், அவள் கையை விலக்கிவிட்டுப் படித்தேன்.

அண்ணன் முதலில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.

"மணியம் இப்படியா எழுதினான்?"

நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன்.

"ஒருத்தன் கூட அவள கிண்டல் பண்ணலையே. அவ கார்டுன்னா அப்படி இருக்காதே." என் முகத்தைப் பார்த்தார். "எழுதியிருக்கிறத படிம்மா."

எழுதியிருந்ததைப் படித்தேன். கல்யாணச் சாப்பாடு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே உங்களைக் கிண்டல் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். ரிட்டாயர் என்றதும் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. அடுத்தது என்னுடையது. அதை விட்டுத் தாண்டிவிடலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். பிறகு படித்தேன், என் பேரையும் சேர்த்து.

"இனிப்ப கொறைக்கச் சொல்லி எழுதியிருக்க" என்றார். "போன வருசம் நீ இத அவகிட்ட சொல்லியிருந்தா கேட்டிருப்பா. நான் சொன்னா கேக்க மாட்டா."

உங்களுக்குச் சர்க்கரை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கிரீம் பூவை எடுத்து உங்கள் தட்டில் வைத்தவர்களும் நாங்கள்தான். அண்ணன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார்ந்திருந்த பாய் சுட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணியம் அண்ணனுக்கு என்று நினைத்து எழுதினேன் என்பதை, ஒவ்வொருவரும் ஒவ்வொருவரை நினைத்து எழுதியதை, நினைவுக்காகப் போட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் நான் வந்தேன் என்பதை. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, போன் வந்தது என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது.

"ஒருத்தர் கூட பேரப் பாக்கலையா?"

"இல்லண்ணே."

அவர் எழுந்து போய் ஊதுபத்திச் சாம்பலைத் தட்டினார். பாப்பா அவர் காலைப் பிடித்து நின்றாள், அவர் குனிந்து பார்க்கவில்லை. பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நம் ஆட்கள் எதற்கும் அதைத்தானே சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. கார்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"இதுல இன்னும் எடம் இருக்கில்ல?"

இருந்தது. நீங்கள் வெட்டுகிற அட்டையில் எப்போதும் பாதி வெறுமையாகத்தான் கிடக்கும்.

"யாருக்குன்னு தெரிஞ்சுகிட்டு எழுதிக் கொண்டாங்கம்மா. அவசரமில்ல. பழசையும் அடிக்க வேணாம், இருக்கட்டும்."

வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டும்போது பாப்பா வழுக்கிவிடாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

வந்ததிலிருந்து இந்தக் கார்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை, அதனால்தான் இதை வேறு தாளில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பா இரண்டு தடவை வந்து தேயிலை அட்டையை முகர்ந்து தும்மிவிட்டுப் போனாள். காய்ச்சல் விட்டுவிட்டது, நீங்கள் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

துர்காவுக்குப் போன் செய்தேன். ஃபைலை நாளைக்கு நான் கொண்டுபோகிறேன், நீ கூட வா என்றேன். அவளும் அதில் எழுத வேண்டும் என்றேன். "அவங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா, என்ன எழுதுறது?" என்றாள். நான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன். நாளைக்கு ஒவ்வொரு மேசையாக நின்று, குனிந்து, உங்கள் பேரைக் காதில் சொல்ல வேண்டும். பேரோடு ஒரு சேதியும் சொல்ல வேண்டும், அதுதான் உங்கள் முறை. பெரிய கிராணிக்கும் மணியம் அண்ணனுக்கும் சரவணனுக்கும் உங்களைப் பற்றித் தெரியாதது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஏன் அன்றைக்கு அப்படி ஒரு சட்டம் போட்டீர்கள் என்பது. அந்த ஸ்டோரில் தினமும் ரெண்டு வேளை என்ன ஸ்டாக் எண்ணினோம் என்பது. அதைச் சொன்னால் அன்றைக்குக் கூரையைப் பார்த்தவர்கள் மறுபடியும் கூரையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் சொல்லப் போகிறேன்.

கார்டு என் ஆபீஸ் பைக்குள் போகவில்லை. இன்னொரு மடிப்பு மடிக்கப் போனேன், மனசு வரவில்லை. நாளைக்கு எஸ்டேட் பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.